கிட் களஞ்சியத்திலிருந்து பொதி கட்டும்போது மூலநிரலை எப்படித் தயாரிப்பது?

சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலகத்தை, டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டுக்காகப் பொதியாக்கி (பயனர்கள் நிறுவிக்கொள்ளும் வடிவில் கட்டி) வருகிறீர்கள். அதை எழுதுபவர்கள் 1.4 பதிப்புக்குப் பிறகு டார்பால் (மூலக் கோப்புகளை ஒன்றாகக் கட்டிச் சுருக்கிய கோப்பு) எதையும் வெளியிடவில்லை. நிரலின் மாற்றங்களை வரலாற்றோடு காக்கும் கிட் களஞ்சியத்தில் மட்டும் வேலை தொடர்ந்து நடக்கிறது. களஞ்சியத்தை க்ளோன் செய்து (பிரதி எடுத்து) அந்த அடைவையே சுருக்கி மூலமாக வைத்துக்கொள்ளலாமா, பில்ட் (மூலநிரலிலிருந்து பொதியைக் கட்டும் வேலை) ஓடும்போதே களஞ்சியத்திலிருந்து இழுத்துக்கொள்ளலாமா, பதிப்பெண்ணாக எதை இடுவது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் விடை ‘வேண்டாம்’ என்பதே. ஏன் வேண்டாம் என்பதையும் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்பதையும் சொல்லி முடிக்கும்போது மூன்றாவது கேள்விக்கும் வந்து சேர்வோம்.

பில்ட் நேரத்தில் இழுப்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். முதன்மைக் காப்பகத்தில் உள்ள பொதிகள் பில்டின்போது வலையமைப்பைத் தொடக்கூடாது என்று டெபியன் கொள்கை ஆவணமே விதிக்கிறது. ஃபெடோரா என்னும் இன்னொரு லினக்ஸ் வெளியீட்டின் பில்ட் சேவையகங்களும் வலை இணைப்பு இல்லாத சூழலில்தான் பொதிகளைக் கட்டுகின்றன. ஆர்ச் லினக்ஸில் களஞ்சிய முகவரியையே மூலமாக எழுதும் வழக்கம் உண்டு என்று நீங்கள் கேட்கலாம். அங்கும் மூலங்களைப் பெறும் கட்டம் தனி, தயாரிக்கும் கட்டம் தனி, கட்டும் கட்டம் தனி. ஆனால் ஆர்ச் தன் பயனர்களிடம் தருவது செய்முறைக் குறிப்பையும் முடிந்த பொதியையும். டெபியனும் ஃபெடோராவும் மூலநிரலையே ஒரு பொதியாக்கித் தங்கள் சேவையகத்தில் வைத்துக் காக்கின்றன. மென்பொருளை எழுதியவர் நாளை தன் களஞ்சியத்தை அழித்துவிட்டுப் போனாலும், இன்று கட்டிய பொதியைப் பத்து ஆண்டுகள் கழித்து மறுபடி கட்ட முடிய வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

எனவே நம் கையில் இருக்க வேண்டியது, பைட் பைட்டாக மாறாத ஒரு கோப்பு. டெபியனில் அதன் பெயர் ‘ஆரிஜ்’ டார்பால். அதனுடன் நம் சொந்தச் சேர்க்கைகளைக் கொண்ட இன்னொரு டார்பாலும், இரண்டின் செக்சம்களையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்கள்) பட்டியலிட்டுக் கையொப்பம் தாங்கிய ‘டிஎஸ்சி’ கோப்பும் சேர்ந்தால் மூலப் பொதி. ஆரிஜ் கோப்பு ஒருமுறை காப்பகத்தில் ஏறிவிட்டால், அதே பெயரில் வேறு உள்ளடக்கத்தைக் காப்பகம் ஏற்காது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நானும் சக பராமரிப்பாளர் ஒருவரும் ஒரே கமிட்டிலிருந்து (களஞ்சியத்தில் பதிந்த ஒரு நிலை) தனித்தனியாக டார்பால் செய்து வைத்திருந்தோம். முதல் முறை என்னுடையது ஏறியது. அடுத்த திருத்தத்தை அவர் தன் கணினியில் இருந்த டார்பாலோடு ஏற்ற முயன்றார். காப்பகம் திருப்பி அனுப்பிவிட்டது. கோப்புகளின் உள்ளடக்கத்தில் ஒரு எழுத்துகூட வேறுபடவில்லை. வேறுபட்டவை கோப்புகளின் நேர முத்திரையும், அவை டார்பாலுக்குள் அடுக்கப்பட்ட வரிசையும், அவருடைய பயனர் எண்ணும்தான்.

க்ளோன் செய்த அடைவை அப்படியே சுருக்கக் கூடாது என்பதற்கு இதுவே முதற்காரணம். க்ளோன் செய்த கணம்தான் ஒவ்வொரு கோப்பின் நேரமாகப் பதிகிறது. அடைவுக்குள் கோப்புகள் எந்த வரிசையில் கிடைக்கும் என்பது கோப்பு முறைமையைப் பொறுத்தது. ‘கிட்’ என்னும் மறைந்த அடைவு உள்ளே போய்விட்டாலோ, அதில் வரலாற்றைச் சுருக்கி வைத்திருக்கும் பேக் கோப்புகள் ஒவ்வொரு க்ளோனிலும் வேறு மாதிரி அமையக்கூடும். பொதிக்குத் தேவையற்ற முழு வரலாறும் கூடவே சுமையாக வரும்.

இதற்குக் கிட்டிடமே கருவி இருக்கிறது. ‘கிட் ஆர்க்கைவ்’ கட்டளை, வேலை அடைவைப் பார்க்காமல், கமிட்டில் பதிந்துள்ள மரத்திலிருந்து (அடைவுகள், கோப்புகளின் பட்டியல்) நேரடியாக டார் கோப்பை உருவாக்குகிறது. கோப்புகளின் வரிசை மரத்தில் உள்ளபடி நிலையானது. உரிமையாளர் எப்போதும் ரூட். நேர முத்திரை எல்லாக் கோப்புகளுக்கும் அந்தக் கமிட்டின் நேரம். அதோடு, கமிட்டின் முழு அடையாள எண்ணை டார் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவைக்கிறது. ‘கிட் கெட்-டார்-கமிட்-ஐடி’ கட்டளையால் அதைப் பின்னர் படித்துக்கொள்ளலாம். இதில் ஒரு சிறு எச்சரிக்கை உண்டு. கமிட்டையோ, கமிட்டுக்குப் பெயரிடும் டேகையோ கொடுத்தால்தான் இப்படி. ஒரு மரத்தின் அடையாளத்தை மட்டும் கொடுத்தால் நேர முத்திரையாக இந்தக் கணத்தை இட்டுவிடும், கமிட் எண்ணும் பதியாது. துணையடைவு ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க விரும்புபவர்கள் இந்தப் பள்ளத்தில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். டாரின் உள்ளே எல்லாம் ஒரே மேலடைவின் கீழ் வரும்படி, பெயரும் பதிப்பெண்ணும் கொண்ட முன்னொட்டைக் கொடுக்கவும் மறக்காதீர்கள்.

டார் நிலையாகிவிட்டது, சுருக்கம் நிலையாகவில்லை. சுருக்கும் நிரலான ஜிஸிப் தன் தலைப்பில் கோப்பின் பெயரையும் நேரத்தையும் எழுதக்கூடியது. அதற்கு ‘என்’ தெரிவைக் கொடுத்து அவற்றை விலக்க வேண்டும். அதன் பிறகும், சுருக்கும் நிரலின் பதிப்பு மாறினால் வெளிவரும் பைட்கள் மாறலாம். எக்ஸ்இசட் சுருக்கத்தில் ஒற்றை இழையில் ஓடியதும் பல இழைகளில் ஓடியதும் வேறு வேறு வெளியீடு தரும். இது வெறும் ஏட்டுக் கவலை அன்று. கிட்டின் 2.38 பதிப்பு, வெளியிலுள்ள ஜிஸிப் நிரலை அழைப்பதை விட்டுத் தன்னுள் அமைந்த சுருக்கியை இயல்பாகப் பயன்படுத்தத் தொடங்கியது. 2023 ஜனவரி 30 அன்று, கிட் களஞ்சியங்களை வைத்துத் தரும் கிட்ஹப் தளம் அந்த மாற்றத்தைத் தன் சேவையகங்களில் கொண்டுவந்தபோது, களஞ்சியங்களுக்கு அது தானாக உருவாக்கித் தரும் டார்பால்களின் செக்சம்கள் ஒரே நாளில் மாறிப்போயின. அந்தச் செக்சம்களை எழுதிவைத்திருந்த பேஸல், ஹோம்ப்ரூ ஆகிய கட்டும், நிறுவும் கருவிகளின் பயனர்கள் உள்ளிட்ட பலருடைய பில்ட்கள் உடைந்தன. கிட்ஹப் அன்றே மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உள்ளேயிருந்த மூலநிரலில் எந்த மாற்றமும் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நிக்ஸ் போன்ற பொதி மேலாண்மை முறைகள் சுருக்கிய கோப்பை விட்டு, விரித்த அடைவின் உள்ளடக்கத்துக்கு ஹாஷ் என்னும் செக்சம் காண்பதால் இத்தகைய அதிர்ச்சியைத் தாங்குகின்றன. அது நல்ல வடிவமைப்பு என்பது என் எண்ணம். ஆனால் டெபியனில் நமக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே, உருவாக்கிய டார்பாலை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம் என்று தூக்கி எறியாமல், ஒருமுறை செய்து எல்லாரும் அதையே எடுத்தாள வேண்டும். ஃபெடோரா இதற்கென்று தனிச் சேமிப்பகம் வைத்திருக்கிறது. பொதிக் களஞ்சியத்தில் செக்சம் மட்டும் இருக்கும். டெபியனில் ஜோயி ஹெஸ் எழுதிய ‘பிரிஸ்டைன்-டார்’ கருவி உண்டு. களஞ்சியத்தில் இருக்கும் மரத்துக்கும் உண்மையான டார்பாலுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் ஒரு தனிக் கிளையில் சிறு கோப்பாகச் சேமித்து, தேவைப்படும்போது அதே பைட்களை மீட்டுத் தரும். காப்பகத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட பதிப்பு என்றால், அங்கிருந்து இறக்கிக்கொள்வதே எல்லாவற்றிலும் எளிது.

இனி, கிட் ஆர்க்கைவ் எதையெல்லாம் விட்டுவிடும், எதையெல்லாம் மாற்றிவிடும் என்று பார்க்க வேண்டும். பொதியாக்குபவரின் நேரத்தை அதிகம் விழுங்குவது இந்த இடம்தான்.

மென்பொருளை எழுதியவர் ‘கிட்ஆட்ரிப்யூட்ஸ்’ கோப்பில் சில அடைவுகளுக்கு ‘எக்ஸ்போர்ட்-இக்னோர்’ என்று குறித்திருந்தால், அவை டார்பாலில் வரமாட்டா. பிஎச்பி நூலகங்களில் சோதனை அடைவை இப்படி விலக்குவது பரவலான வழக்கம். நிறுவுபவருக்குச் சோதனைகள் வேண்டியதில்லை என்பது அவர்கள் கணக்கு. நமக்கோ பில்டின் இறுதியில் ஓடவேண்டிய சோதனைகள் அவைதான். களஞ்சியத்தின் உட்பகுதியில் உள்ள ‘இன்ஃபோ’ அடைவின் ஆட்ரிப்யூட்ஸ் கோப்பு மற்ற எல்லாவற்றையும் விட முன்னுரிமை பெற்றது; அதில் அந்தக் குறிப்பை ரத்து செய்து ஒரு வரி எழுதினால் சோதனைகள் திரும்ப வந்துவிடும். ஆனால் அந்தக் கோப்பு உங்கள் க்ளோனில் மட்டும் இருக்கும், க்ளோன் செய்யும் மற்றவருக்குப் போகாது என்பதால், இதைச் செய்யும் ஸ்கிரிப்டைப் பொதியோடு சேர்த்து வைக்க வேண்டும்.

இதன் உடன்பிறப்பு ‘எக்ஸ்போர்ட்-சப்ஸ்ட்’. இந்தக் குறிப்பைப் பெற்ற கோப்பில் உள்ள வார்ப்புருக்களுக்குப் பதிலாக, கமிட் எண், தேதி போன்றவற்றை ஆர்க்கைவ் கட்டளை நிரப்பித் தருகிறது. முழுக் கமிட் எண்ணை நிரப்பினால் தொல்லை இல்லை. அந்தக் கமிட்டைச் சுட்டும் கிளைகளின், டேக்குகளின் பெயர்களை நிரப்பச் சொல்லியிருந்தால் தொல்லைதான். இன்று ‘மெயின்’ கிளையின் நுனியாக இருக்கும் கமிட், நாளை இன்னொரு கமிட் சேர்ந்ததும் நுனியாக இராது. அதே கமிட்டிலிருந்து நாளை எடுக்கும் டார்பாலில் அந்த வரி வேறாக இருக்கும். சுருக்கக் கமிட் எண்ணிலும் இதே சிக்கல் மறைந்திருக்கிறது. களஞ்சியத்தில் பொருள்கள் பெருகப் பெருக, குழப்பமின்றிச் சுட்டுவதற்கு ஏழு எழுத்துகள் போதாமல் எட்டு, ஒன்பது என்று கிட் தானே நீட்டிக்கொள்ளும்.

அடுத்தது சப்மாட்யூல். களஞ்சியம் இன்னொரு களஞ்சியத்தைச் சுட்டும்போது, மரத்தில் அந்த இடத்தில் ஒரு கமிட் எண் மட்டுமே பதிந்திருக்கிறது. கிட் ஆர்க்கைவ் அங்கே வெற்று அடைவை வைத்துவிட்டுப் போய்விடும். கிட்ஹப் தானாகத் தரும் டார்பால்களிலும் இதே வெற்று அடைவுகள்தான். முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சப்மாட்யூல் ஏற்கெனவே டெபியனில் தனிப் பொதியாக இருக்கிறதா என்பது. இருந்தால் அதைச் சார்பாக எழுதிவிட்டு அடைவை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வரும்போது ஒரே நூலகத்தின் பத்துப் பிரதிகளைத் தேடித் திருத்தும் வேலை மிச்சமாகும். இல்லையென்றால், ஒரே மூலப் பொதியில் முதன்மை ஆரிஜோடு துணை ஆரிஜ்களையும் சேர்க்க டெபியனின் ‘3.0 (குயில்ட்)’ வடிவம் இடம் தருகிறது. சப்மாட்யூலின் கமிட் எண்ணை முதன்மைக் களஞ்சியத்தின் மரம் என்ன சொல்கிறதோ அதிலிருந்தே எடுக்க வேண்டும். அந்த இன்னொரு களஞ்சியத்தின் இன்றைய நுனியை எடுத்தால், எழுதியவர் ஒருபோதும் சோதித்துப் பாராத ஒரு சேர்க்கையைக் கட்டியவர் ஆவீர்கள்.

குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் மென்பொருள்களில் ‘குனுலிப்’ என்னும் நூலகம் இந்தப் பொதுவிதிக்கு வெளியே நிற்கிறது. அது பகிர்ந்து பயன்படுத்துவதற்காக எழுதப்பட்டதே அன்று. வேண்டிய கோப்புகளை நகலெடுத்து உள்ளே வைத்துக்கொள்வதே அதன் முறை. குனுலிப்பைச் சப்மாட்யூலாகக் கொண்ட களஞ்சியங்களில் ‘பூட்ஸ்ட்ராப்’ என்னும் ஸ்கிரிப்ட் இந்த நகலெடுப்பைச் செய்கிறது. அத்தோடு அது நின்றுவிடுவதில்லை. மொழிபெயர்ப்புக் கோப்புகளையும் வலையிலிருந்து இறக்கும். வலை இல்லாத சூழலில் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு ஓட்டினால் பில்ட் எந்தக் குறையும் சொல்லாமல் முடியும். நிரலும் நன்றாக ஓடும். ஆங்கிலத்தில் மட்டும் பேசும். யாரும் புகார் செய்யாத பிழை இது, ஆகவே நெடுநாள் இருக்கும். இறக்க வேண்டியதை எல்லாம் டார்பால் செய்யும் கட்டத்திலேயே இறக்கி, துணை ஆரிஜாகச் சேர்த்துவிடுவதுதான் வழி. பெரிய கோப்புகளை வேறிடத்தில் வைக்கும் கிட் எல்எஃப்எஸ் பயன்படுத்தும் களஞ்சியங்களிலும் இதே கவனம் தேவை. படமோ எழுத்துருவோ இருக்க வேண்டிய இடத்தில் சில வரிகள் கொண்ட சுட்டிக் கோப்பு மட்டும் வந்து உட்கார்ந்திருக்கக்கூடும்.

இப்போது பதிப்பெண் பற்றி. இதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன: நிரல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் எண் ஒன்று, பொதிக்கு நாம் இடும் எண் இன்னொன்று.

பல களஞ்சியங்களில் நிரலின் எண் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. பில்டின்போது ‘கிட் டிஸ்கிரைப்’ கட்டளையை ஓட்டி, கடைசி டேக், அதன் பின் வந்த கமிட்களின் எண்ணிக்கை, சுருக்கக் கமிட் எண் ஆகியவற்றிலிருந்து பெறுகிறார்கள். டார்பாலில் கிட் வரலாறு இல்லையாதலால் அந்தக் கட்டளை தோற்கும். குனூ களஞ்சியங்களில் உள்ள ‘கிட்-வெர்ஷன்-ஜென்’ ஸ்கிரிப்ட் அப்போது ‘தெரியாது’ என்ற பொருள்படும் சொல்லைப் பதிப்பெண்ணாக இட்டுவிடும். பைத்தானின் ‘செட்அப்டூல்ஸ்-எஸ்சிஎம்’ பில்டையே நிறுத்திவிடும். முன்னதற்கு, ‘டார்பால்-வெர்ஷன்’ என்னும் மறைகோப்பில் எண்ணை எழுதிவைத்தால் ஸ்கிரிப்ட் கிட்டைத் தேடாது. பின்னதற்கு, இதற்கென்றே அமைந்த சூழல் மாறி ஒன்று இருக்கிறது. அதைப் பொதியைக் கட்டும் கட்டளைகள் கொண்ட ‘ரூல்ஸ்’ கோப்பில் குறிக்கலாம்.

இதைவிட மோசமானது, கட்டளை தோற்காமல் தவறான விடை தருவது. நாம் பொதியாக்கும் அடைவும் பெரும்பாலும் ஒரு கிட் களஞ்சியம்தான். அதில் நம் சொந்த டேக்குகள் இருக்கும். நான் பராமரித்த ஒரு கருவி, என் கணினியில் கட்டியபோது தன் பதிப்பெண்ணாக என்னுடைய டெபியன் டேகின் பெயரைக் காட்டியது. பில்ட் சேவையகத்தில் கட்டியபோது எதையும் காட்டவில்லை. இரண்டும் தவறு, இரண்டும் வேறு வேறு தவறு என்பதால் எங்கே தேடுவது என்று புரிய ஒரு மாலைப்பொழுது போயிற்று. ஆழமற்ற க்ளோன் எடுத்தவர்களுக்கும் இந்தக் கதிதான்: கடைசி ஒரு கமிட்டை மட்டும் இறக்கியிருந்தால் டேக் எதுவும் கண்ணில் படாது, கமிட் எண்ணிக்கை எப்போதும் ஒன்றாகவே இருக்கும். ஆர்ச்சில் கமிட் எண்ணிக்கையைப் பதிப்பெண்ணாக வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பொதியின் எண்ணுக்கு வருவோம். கமிட் எண் பார்ப்பதற்கு அடையாளமாக இருந்தாலும் அதற்கு முன்பின் என்ற வரிசை கிடையாது. எனவே அதை ஒருபோதும் முன்னால் வைக்கக் கூடாது. தேதியை முன்னால் வைத்து, கமிட் எண்ணைக் கடைசியில் ஒட்டுங்கள். உங்கள் நூலகத்துக்கு ‘1.4+கிட்20240115.3912047’ என்பது போன்ற எண் பொருந்தும் (கோப்பில் ‘கிட்’ என்பதை ரோமன் எழுத்தில் எழுதுவீர்கள், தேதியும் கமிட்டும் எடுத்துக்காட்டுக்காக). டெபியனின் ஒப்பீட்டு முறைப்படி இது 1.4 என்பதைவிடப் பெரியது, பின்னால் 1.4.1 வந்தாலும் 1.5 வந்தாலும் அவற்றைவிடச் சிறியது. இன்னும் வெளிவராத 1.5-க்கு முந்தைய நிலை என்று எழுதியவர்களே அறிவித்திருந்தால் ‘1.5~கிட்20240115’ என்று எழுதலாம். அலைக்குறி எதற்கும் முன்னால், வெற்றிடத்துக்கும் முன்னால் நிற்கும். அறிவிப்பு இல்லாதபோது நான் கூட்டல் குறியையே விரும்புவேன், ஏனெனில் அடுத்து வருவது 1.5 ஆக இருக்கும் என்று நாம் ஆரூடம் சொல்ல வேண்டியதில்லை. ஒருபோதும் வெளியீடே காணாத மென்பொருளுக்கு ‘0.0~கிட்’ என்று தொடங்குவது வழக்கம். வெறும் தேதியை மட்டும் பதிப்பெண்ணாக இட்டுவிடாதீர்கள். 20240115 என்று இட்ட பிறகு அவர்கள் 1.0 வெளியிட்டால், எண் பின்னோக்கிப் போகிறது. அதைச் சரிக்கட்ட ‘ஈப்பாக்’ என்னும் முன்னெண்ணைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அந்தப் பொதியின் ஆயுள் முழுக்க அதை நீக்க முடியாது. ஃபெடோராவில் கூட்டல் குறியின் இந்த வேலையை ‘^’ குறி செய்கிறது. முன்னிலைப் பதிப்புகளுக்கு அங்கும் அலைக்குறியே.

அந்தத் தேதி எது என்பதிலும் ஒரு நுணுக்கம். பொதி கட்டும் நாளின் தேதி அன்று, கமிட்டின் தேதி. கமிட்டிலும் இரண்டு தேதிகள் உண்டு: ஆசிரியர் எழுதிய தேதி, களஞ்சியத்தில் சேர்த்தவர் சேர்த்த தேதி. மாதங்களுக்கு முன் எழுதிய பேட்ச் (திருத்தம்) ஒன்றை இன்று சேர்த்தால், முதல் தேதி பின்னோக்கிப் பாய்ந்துவிடும். எனவே இரண்டாவதை, உலகப் பொது நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மென்பொருளை எழுதியவர்கள் டார்பாலும் வெளியிட்டு, களஞ்சியமும் வைத்திருந்தால் எதை எடுப்பது? நெடுங்காலம் விடை எளிதாக இருந்தது: கையொப்பமிட்ட டார்பால். பில்டுக்கு வேண்டிய ஸ்கிரிப்டுகளை உருவாக்கும் ஆட்டோடூல்ஸ் கருவிகளைப் பயன்படுத்தும் மென்பொருளின் டார்பாலில் களஞ்சியத்தில் இல்லாத கோப்புகள் பல இருக்கும். ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்ட், மேக்ரோ கோப்புகள், உருவாக்கப்பட்ட பார்சர்கள் முதலியவை. இவை இயல்பானவை என்பதால் யாரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் எக்ஸ்இசட் சுருக்கத்துக்கான எக்ஸ்இசட் யூட்டில்ஸில் பின்வாசல் (இரகசிய நுழைவழி) இருப்பதை வெளியிட்டபோது, அந்தத் திறக்காத இடமே வழியாகியிருந்தது தெரியவந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறக்குறைய அரை வினாடி தாமதமானதை ஆராய்ந்து அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார்பால்களில் இருந்த ‘பில்ட்-டு-ஹோஸ்ட்’ மேக்ரோ கோப்பு, தீய நிரலை இயக்கிவிடும் திரியாக இருந்தது. அந்தத் திரி களஞ்சியத்தில் இல்லை.

இதிலிருந்து ‘களஞ்சியமே பாதுகாப்பு’ என்று முடிவு கட்டுவோர் பலர். அது பாதி உண்மை. திரிதான் டார்பாலில் இருந்தது. வெடிமருந்து, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில், களஞ்சியத்திலேயே எல்லார் கண்ணெதிரே இருந்தது. கான்ஃபிகர் ஸ்கிரிப்டைப் பில்டில் மறுபடி உருவாக்கினால் போதும் என்பதும் முழுமையன்று. டெபியன் பில்ட்கள் அதை மறுபடி உருவாக்கும் ‘ஆட்டோரீகான்ஃப்’ ஓட்டித்தான் வந்தன, ஆனால் நஞ்சூட்டப்பட்ட மேக்ரோவிலிருந்து உருவாகும் ஸ்கிரிப்டும் நஞ்சே. என் வழக்கம் இது: கையொப்பமிட்ட டேகைச் சரிபார்த்து, அதிலிருந்து கிட் ஆர்க்கைவால் ஆரிஜை உருவாக்குகிறேன், உருவாக்க வேண்டிய கோப்புகளை எல்லாம் பில்டுக்குள், டெபியனின் கருவிகளால் உருவாக்குகிறேன், டார்பாலும் இருந்தால் இரண்டின் கோப்புப் பட்டியலையும் ஒப்பிட்டு, கூடுதலாக உள்ள ஒவ்வொரு கோப்பும் எதனால் உருவானது என்று எனக்கு விளங்கும்வரை விடுவதில்லை. முதல் முறை இது சலிப்பூட்டும். அடுத்த பதிப்புகளில் மாறியவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

இங்கே ‘தயாரிப்பு’ என்ற சொல்லுக்கு இரண்டு இடங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆரிஜ் உருவாவதற்கு முன் நடப்பது ஒன்று; மூலப் பொதியை விரித்து, பேட்ச்களைப் பூசி, பில்டுக்கு ஆயத்தம் செய்வது இன்னொன்று. ஃபெடோராவில் பொதியின் செய்முறையைச் சொல்லும் ஸ்பெக் கோப்பில் ‘ப்ரெப்’ என்று தனிப் பகுதியே இந்த இரண்டாவதற்கு இருக்கிறது. எது எங்கே என்று தடுமாறும்போது நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். வலையோ கிட் வரலாறோ இல்லாமல் செய்ய முடியாதது முதல் இடத்தில். மற்றது எல்லாம், குறிப்பாக நம் சொந்த முடிவாக இருப்பது எல்லாம், இரண்டாவது இடத்தில். ஒரு பிழையைத் திருத்தும் பேட்சை ஆரிஜுக்குள் பூசிவிட்டால், எழுதியவர் தந்தது எது, நாம் மாற்றியது எது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். இந்த விதிக்கு ஒரே விலக்கு உரிமம். மறுபகிர்வுக்கு இடம் தராத ஆவணமோ, மூலம் இல்லாத பைனரியோ, மூலமின்றிச் சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்டோ களஞ்சியத்தில் இருந்தால் அதை ஆரிஜிலிருந்தே நீக்க வேண்டும். ‘காப்பிரைட்’ கோப்பில் ‘ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்’ என்னும் புலத்தில் பட்டியலிட்டால், புதிய பதிப்பைத் தேடி இறக்கும் ‘யுஸ்கேன்’ கருவி நீக்கிக்கொடுக்கும்; பதிப்பெண்ணில் ‘+டிஎஃப்எஸ்ஜி’ (டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளின் சுருக்கப் பெயர்) ஒட்டைச் சேர்ப்பீர்கள். அதோடு, எழுதியவர்களின் வரலாற்றையும் உங்கள் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினால், டார்பாலில் நீக்கிய கோப்பு வரலாற்றில் அப்படியே இருக்கும்.

செய்ததை எல்லாம் எழுதிவைப்பது எப்படி? டெபியனில், புதிய பதிப்பை எங்கே தேடுவது என்று சொல்லும் ‘வாட்ச்’ கோப்பின் கிட் முறை இதற்குப் பெரிதும் உதவும். களஞ்சிய முகவரியையும் டேக் வடிவத்தையும் எழுதிவிட்டால், யுஸ்கேன் தானே களஞ்சியத்தை இறக்கி, கிட் ஆர்க்கைவ் ஓட்டி, டேகின் கையொப்பத்தையும் சரிபார்த்து ஆரிஜைத் தருகிறது. டேக் இல்லாதபோது கிளையின் நுனியைப் பின்பற்றச் சொல்லலாம். தேதியும் சுருக்கக் கமிட் எண்ணும் கொண்ட பதிப்பெண்ணை அதுவே அமைக்கும். கடைசி டேகைக் கணக்கில் கொள்ளும் எண் வேண்டுமென்றால் முழு க்ளோன் எடுக்கும்படி குறிக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளில் ரூல்ஸ் கோப்பில் ‘கெட்-ஆரிஜ்-சோர்ஸ்’ இலக்கு எழுதச் சொல்வார்கள். கொள்கை ஆவணம் 2018-லேயே அதை விட்டுவிட்டது. யுஸ்கேனால் முடியாத வேலை இருந்தால், அதாவது சப்மாட்யூல், மொழிபெயர்ப்பு இறக்கம் போன்றவை இருந்தால், ஒரு சிறு ஸ்கிரிப்டை டெபியன் அடைவில் வைத்து, ‘ரீட்மீ.சோர்ஸ்’ கோப்பில் நான்கு வரி எழுதுங்கள். ஃபெடோரா இதே காரணத்துக்காக, டார்பாலை உருவாக்கிய கட்டளைகளை ஸ்பெக் கோப்பில் குறிப்பாக எழுதச் சொல்கிறது. ஓப்பன்சூசே என்னும் லினக்ஸ் வெளியீட்டின் பில்ட் சேவையில் ‘சர்வீஸ்’ கோப்பு இந்த வேலையைச் செய்கிறது.

ஸ்கிரிப்ட் எழுதி முடித்ததும், இரண்டு வேறு கணினிகளில் ஓட்டி, சுருக்காத டாரின் செக்சம் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கோப்புகளை ஒப்பிடும் ‘டிஃபோஸ்கோப்’ கருவி எங்கே வேறுபடுகிறது என்று காட்டும். துணை ஆரிஜை நீங்களே டார் கட்டளையால் செய்ய நேர்ந்தால், பெயர்வரிசையில் அடுக்கும் தெரிவையும், உரிமையாளர் எண்களைச் சுழியாக்கும் தெரிவுகளையும், கமிட்டின் நேரத்தை இடும் தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் செக்சம் ஒன்றாகாது.

உங்கள் நூலகத்துக்கு நான் செய்யக்கூடியது இதுதான். இன்று நுனியில் இருக்கும் கமிட்டை அப்படியே எடுக்காமல், அவர்களுடைய சோதனைகள் கடைசியாகத் தேறிய கமிட்டைத் தேர்ந்து, அதிலிருந்து 1.4-க்குப் பிந்தைய ஆரிஜை உருவாக்குவேன். அதே நாளில் அவர்களுக்கு, ஒரு டேக் இட்டுக் கையொப்பமிட முடியுமா என்று கேட்டு எழுதுவேன். டார்பால் வெளியிடுவதுதான் சுமை, டேக் இடுவது ஒரே கட்டளை என்பதால் பெரும்பாலோர் இணங்குகிறார்கள். அவர்கள் 1.5 என்று டேக் இட்ட நாளில், வாட்ச் கோப்பில் கிளையைப் பின்பற்றும் வரியை டேகைப் பின்பற்றும்படி மாற்றினால் போதும்; எண் தானாகவே உயரும், ஈப்பாக் எதுவும் வேண்டியிராது.